வாரம் இரண்டு முறை கதவைத் தட்டியவர்களுக்கும், திறந்தவர்களுக்கும்

வேலூர் நகரத்துத் தாய்மார்களுக்கும், அவர்கள் வீட்டுப் படி ஏறி இறங்கிய களப்பணி அக்காமார், அண்ணன்மாருக்கும் வணக்கம்.

பிறந்த 6ஆம் வாரம், 10ஆம் வாரம், 14ஆம் வாரம் என மூன்று தடவை, தடுப்பூசி நாளன்று குழந்தையின் வாயில் ஐந்து சொட்டு விடுகிறோம். ஐந்தும் சேர்ந்து அரை மில்லிதான். போலியோவுக்கு இரண்டு சொட்டு, இதற்கு ஐந்து என்பதால், "போலியோதான் இன்னிக்குக் கூடுதலா விட்டாங்க" என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற தாய்மார் உண்டு. இது ரோட்டா வைரஸ் பேதிக்கான சொட்டு மருந்து. பெயர் ரோட்டாவாக். இதன் பின்னால் இருக்கும் விஞ்ஞானிகளின் பெயர்கள் பத்திரிகைகளில் வந்துவிட்டன. பெயர் வராதவர்களுக்கு எழுதவேண்டிய நன்றி பாக்கி இருக்கிறது. குழந்தை மருத்துவப் பிரிவில் இந்தச் சொட்டை விடுகிறவர்களும், சொட்டு கிடைக்காத காலத்தில் நரம்பு தேடிக் குளுக்கோஸ் ஏற்றியவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது.

ரோட்டா வைரஸை 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ரூத் பிஷப்பும் உடன் பணிசெய்தவர்களும் கண்டார்கள். பேதியோடு வந்த குழந்தைகளின் முன்சிறுகுடல் சவ்விலிருந்து துணுக்கு எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது தெரிந்தது. வண்டிச் சக்கரம் போல் இருந்ததால் லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லே பெயராக நின்றது. சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாய் நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியை அது தின்றுவிடும். நீரை உறிஞ்சவேண்டிய இடமே போய்விடுவதால் குடித்தது குடித்தபடி வெளியேறும். பெரும்பாலும் வாந்தியில்தான் தொடங்கும். ஓ.ஆர்.எஸ். கரைசலையும் வாந்தி வெளியே தள்ளுவதால், இரண்டு நாளில் உச்சிக்குழி உள்ளே விழுந்து, கண் சொருகி, அழுதால் கண்ணீர் வராத நிலைக்குக் குழந்தை போய்விடும். தடுப்பு மருந்து வருவதற்கு முன் இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 78,000 பேர் இதனால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். பல் முளைக்கிறது, மாந்தம், தொக்கம் என்று பலநாள் பேரைக் கட்டிவைத்த பேதியில் கணிசமான பங்கு இந்த வைரஸ்தான். கைகழுவுதல், சுத்தமான தண்ணீர் எல்லாம் மற்றப் பேதிகளைக் குறைக்கும். இதை அவ்வளவாகக் குறைக்காது. பணக்கார நாட்டுக் குழந்தைகளுக்கும் இது வந்துகொண்டிருந்தது.

முதல் நன்றி, 2002இலிருந்து வேலூரின் நெருக்கமான குடியிருப்புகளில் பிள்ளை பெற்றவர்களுக்கு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் குழு கேட்ட கேள்வி எளிமையானது. ஒருமுறை இந்த வைரஸ் வந்துபோன குழந்தைக்கு மறுமுறை வராதா? மெக்சிகோ நகரில் 200 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 1996இல் வெளியான ஆய்வு, இரண்டு முறை தொற்றிவிட்டால் அதன்பின் கடும் பேதி வருவதில்லை என்றது. அப்படியானால் தடுப்பு மருந்து இரண்டு தவணை போதும். இங்கேயும் அப்படித்தானா என்பதைப் பார்க்க, பிறந்த நாளிலிருந்து மூன்று வயதுவரை குழந்தைகளை விடாமல் கவனிக்கவேண்டியிருந்தது.

அதற்கு என்ன கேட்டார்கள் தெரியுமா? வாரம் இரண்டு முறை வீட்டுக்கு ஆள் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழந்தையின் மலம் வேண்டும், நன்றாக இருந்தாலும். பேதி கண்டால் ஒன்றுவிட்டு ஒருநாள் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் வேண்டும். முழுதும் பின்தொடர முடிந்தது 373 குழந்தைகளை. ஒரு குழந்தைக்கு மூன்றாண்டில் நலமாயிருக்கும்போதே 78 மாதிரி என்று வைத்தால், எல்லாக் குழந்தைக்குமாக 29,000 தாண்டுகிறது. பேதிக் காலத்தில் எடுத்தது தனி. தட்டிய கதவுகளைக் கணக்குப் பார்த்தால் லட்சத்தைத் தாண்டும்.

மலம் சேகரிப்பது எழுத்தில் ஒருவரி, கையில் வேறு. பேதி தண்ணீராகத்தான் போகும். கோவணத்துணியும் தொட்டில்துணியும் அதை அந்த நிமிடமே குடித்துவிடும், டயப்பரின் ஜெல் இன்னும் மோசம். துணியைப் பிழிந்தால் நூலும் சோப்பும் சிறுநீரும் சேர்ந்து வரும். ஆகவே துணிக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு, குழந்தை போகும் நேரம் பார்த்து, கரண்டி வைத்த டப்பாவில் அள்ளி மூடவேண்டும். கடலை அளவு போதும், ஆனால் அந்தக் கடலை அளவு வேலைக்கு அவசரமாகக் கிளம்புகிற காலைநேரத்தில் கிடைக்கவேண்டும். டப்பாவில் ஒட்டும் எண் தப்பினால் அந்தக் குழந்தையின் கணக்கோடு இன்னொரு குழந்தையின் கணக்கும் கெடும். ஈரக்கையால் எழுதிய எண் ஐஸ் பெட்டியில் அழியும். வெயிலில் மூன்று மணிநேரம் பையில் கிடந்த மாதிரியில் வைரஸ் இருந்தும் "இல்லை" என்று வரக்கூடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருக்கி மறுபடி உறையவைப்பதும் மாதிரியைக் கெடுக்கும் என்பதால், வந்தவுடன் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து, தேவைப்படும் குப்பியை மட்டும் வெளியே எடுக்கவேண்டும். மின்வெட்டு இருந்த ஊரில் ஃப்ரீசரை இரவும் பகலும் காத்தவர்களுக்கும் இந்த மடலில் ஒரு வரி உரியது.

பிள்ளையின் மலத்தை அயலாளிடம் கொடுக்க எந்த வீட்டிலும் ஒருகணம் தயங்குவார்கள். கொடுத்தீர்கள். நோயில்லாதபோதும் கொடுத்தீர்கள். அந்த நோயில்லாத மாதிரிதான் விலைமதிப்பற்றது, ஏனென்றால் அறிகுறியே காட்டாமல் வந்துபோகும் தொற்று அதில் மட்டும்தான் தெரியும்.

விடை 2011இல் வந்தது. ஆறு மாதத்துக்குள்ளேயே 56 சதவீதக் குழந்தைகளுக்கு வைரஸ் தொற்றிவிட்டது. மறுபடி மறுபடி தொற்றியது. மூன்று முறை தொற்றிய பிறகும் மிதமான, கடும் பேதியிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். மெக்சிகோவின் "இரண்டே போதும்" வேலூரில் பொருந்தவில்லை. இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. 1970களிலேயே இதே கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மூன்று தவணை இங்கே போதவில்லை, கூட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் வேறு கிருமிகள், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள், சத்துக்குறைவு என்று காரணங்கள் பல. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைச் சுத்தப்படுத்திவிட்டுப் போலியோ சொட்டு விட்டால் நன்றாகப் பிடிக்குமா என்றும் பின்னாளில் வேலூரில் சோதித்தார்கள். பிடிக்கவில்லை. "பலனில்லை" என்று வந்த சோதனையில் பங்கெடுத்த வீடுகளையும் நன்றியில் சேர்க்கிறோம். அந்த வழியில் இனி யாரும் வீணாக நடக்கவேண்டாம்.

அடுத்த நன்றி டெல்லிக்கு. 1980களின் நடுவில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் பச்சிளங்குழந்தைப் பிரிவில், பேதியே இல்லாத குழந்தைகளின் மலத்தில் ரோட்டா வைரஸ் தென்பட்டது. எம்.கே. பான் குழு அதைத் தூக்கிப் போடவில்லை. அந்தக் குழந்தைகளைப் பின்னால் பார்த்தபோது கடும் பேதி குறைவாக வந்தது. மனித வைரஸில் மாட்டு வைரஸின் ஒரேயொரு மரபணுத் துண்டு இயற்கையாகவே கலந்து உருவான வகை அது. 116இ என்று எண் பெற்று, பின்னர் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக்கில் தடுப்பு மருந்தாக வளர்ந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை. வேலூரில் பச்சிளங்குழந்தைகளுக்குத் தொற்றியது வேறொரு வகை, அது பின்னாளில் பாதுகாப்பு எதையும் தரவில்லை. "பிறந்தவுடன் வந்தால் நல்லது" என்று டெல்லிக் கணக்கை மட்டும் வைத்து முடிவுகட்டியிருந்தால் தப்பாகியிருக்கும்.

இந்த மருந்து வேலை செய்கிறதா என்று ஆயிரக்கணக்கான குழந்தைகளிடம் பார்த்த மூன்றாம் கட்டச் சோதனைக்குப் பிள்ளையைக் கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. டெல்லி, புணே, வேலூர் மூன்றிலும் சேர்த்து 6,799 குழந்தைகள். 4,532 பேருக்கு மருந்துச் சொட்டு, 2,267 பேருக்கு மருந்தில்லாத சொட்டு. எது எந்தக் குழந்தைக்கு என்பது தாய்க்கும் தெரியாது, சொட்டு விட்டவருக்கும் தெரியாது. தன் பிள்ளைக்கு வெறும் சொட்டு கிடைக்கலாம் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள். அந்த 2,267 பேர் இல்லாமல் மருந்து வேலை செய்ததா என்று ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது. ஒப்பீட்டுக்கு ஆள் வேண்டும்.

தாய் எண்ணிச் சொல்லும் எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு என்பது வெளியில் அதிகம் தெரியாது. பேதி கடுமையானதா என்பதை 20 மதிப்பெண் கொண்ட வெசிகாரி அளவுகோலால் முடிவுசெய்கிறார்கள். 11 வந்தால் கடுமை. ஒரே நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ போனால் 3, நான்கைந்து முறை என்றால் 2. நான்கு நாள்வரை நீடித்தால் 1. ஒரே நாளில் ஐந்து வாந்தியோ அதற்கு மேலோ என்றால் 3. வாந்தி இரண்டு நாள் இருந்தால் 2. காய்ச்சல் 38.6 டிகிரி செல்சியஸ் என்றால் 2. கூட்டினால் சரியாக 11. இதே குழந்தையின் தாய் ஆறு முறையை "நாலஞ்சு தடவை இருக்கும்" என்று சொல்லிவிட்டால் 10. அந்தப் பேதி கடுமையான பட்டியலிலிருந்தே விழுந்துவிடும். நீர்வற்றலுக்கும் சிகிச்சைக்கும் தனி மதிப்பெண் உண்டு என்றாலும், எல்லைக்கோட்டில் நிற்கும் குழந்தைகளில் தாயின் வாய்ச்சொல்தான் தீர்ப்பு. பள்ளிக்கூடம் போகாத அம்மாக்களும் சுவரில் கோடு போட்டு எண்ணலாம், கூழாங்கல் எடுத்து வைத்து எண்ணலாம். மறதியை விட அது நம்பகமானது.

முடிவு 2013 மே மாதம் அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்டில் கடும் ரோட்டா பேதியை 56 சதவீதம் குறைத்தது. இரண்டாம் ஆண்டில் சற்று இறங்கி, பாதியளவில் நின்றது. ஐரோப்பாவில் இதேபோன்ற மருந்துகள் 90ஐ ஒட்டிக் காட்டுகின்றன. பாதிதானே என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குக் கோபம் வரும். வார்டில் பத்துக் கட்டிலில் ஐந்து காலியாக இருப்பதன் அருமை அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். ஒரு தவணை ஒரு டாலர் விலை என்ற உறுதியும் சேர்ந்ததால்தான் 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017இல் தமிழ்நாட்டுக்கும், 2019க்குள் நாடு முழுவதற்கும் அரசுத் திட்டத்தில் இலவசமாக வந்தது.

கேள்வி கேட்டவர்களுக்கும் நன்றி உண்டு. அமெரிக்காவில் 1998இல் வந்த முதல் ரோட்டா மருந்து, குடலுக்குள் குடல் செருகிக்கொள்ளும் கோளாறை அரிதாக உண்டாக்கியதால் மறுவருடமே திரும்பப் பெறப்பட்டது. அதனால் இந்தியச் சோதனையில் அந்த எண்ணிக்கையை ஊர்வாரியாகக் காட்டுங்கள் என்று சிலர் பொதுவில் வற்புறுத்தினார்கள். சில ஆயிரம் குழந்தைகளை வைத்து இவ்வளவு அரிதான கோளாறை உறுதியாக ஒதுக்க முடியாது. திட்டம் தொடங்கிய பின் 27 மருத்துவமனைகளில் கண்காணித்து, 2020இல் வெளியான ஆய்வில் மருந்துக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனாலும் மருந்து வாங்காத குழந்தைக்கும் அது வரும் என்பதால், விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை வயிற்றோடு மடக்கி, வாந்தியெடுத்து, மலத்தில் ரத்தமும் சளியும் ஜெல்லி போல் கலந்து வந்தால் வீட்டில் வைத்திருக்காதீர்கள். அன்றைக்கே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்று கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குச் சில வரிகள். சொட்டு விடுமுன் பால் நிறுத்தவேண்டியதில்லை. அரைமணி நேரம் பால் நிறுத்திப் பார்த்த டெல்லி ஆய்வில் வித்தியாசம் வரவில்லை. முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும். மூன்றும் வாங்கிய பிறகும் பேதி வந்தால் ஏமாந்துவிட்டதாக நினைக்காதீர்கள், இந்தச் சொட்டு ரோட்டாவுக்கு மட்டும்தான், அதிலும் பாதிதான். ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்ஸைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கொட்டிக் கலக்குங்கள். அரைப் பாக்கெட்டை டம்ளரில் உத்தேசமாகக் கரைத்தால் உப்பு ஏறி ஆபத்தாகும். 24 மணிநேரத்துக்கு மேல் வைக்கவேண்டாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, பாலாடையிலோ தேக்கரண்டியிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஜிங்க் மாத்திரை 14 நாள், ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம்வரை 10. பேதி நின்ற மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தப்பு.

அன்று பிறந்து பின்தொடரப்பட்ட 373 பேரும் இப்போது இருபது வயதைத் தொட்டும் தாண்டியும் இருப்பார்கள். தங்கள் கோவணத்துணியிலிருந்து என்னவெல்லாம் தெரியவந்தது என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அம்மாக்களே, நேரம் கிடைக்கும்போது சொல்லிவையுங்கள்.

நன்றியுடன்,
தடுப்பூசி நாளில் சொட்டு விடும் செவிலியர்களும் குழந்தை மருத்துவர்களும்