கிளைகளின் பெயரையும் உங்கள் தளத்தில் எழுதுங்கள்

திறந்த மூல இயங்குதளத் திட்டங்களை நடத்துவோருக்கு,

வணக்கம். வெள்ளவத்தையில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கிறேன். உங்களைப் போன்ற ஒரு பெரிய திட்டத்தின் லினக்ஸ் இயங்குதளத்தை எடுத்துத் தன்னார்வலர் சிலர் தமிழுக்கெனச் சீரமைத்த பதிப்பே எங்கள் பழைய மடிகணினிகளில் ஓடுகிறது. இப்படி மூலத்திலிருந்து பிரிந்து வந்த பதிப்பைத்தான் கிளை என்கிறேன். இங்கே பலருக்குக் கைபழகியது ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பு. மூலப் பதிப்பில் அதைத் தேடித்தான் சேர்க்க வேண்டும். இதில் கணினியைத் திறந்ததுமே தயாராக இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு மாணவியின் தந்தை வீட்டுக் கணினியிலும் இதை நிறுவித் தரக் கேட்டார். பிறகு தயங்கி, “டீச்சர், மூலத் திட்டத்தின் தளத்தில் இதன் பெயரே இல்லையே?” என்றார். தரவிறக்கிய கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்புக் குறியீட்டைத் திரையில் காட்டினேன். அறுபத்து நான்கு எழுத்துகளையும் கிளையினர் வெளியிட்ட குறியீட்டோடு விரல் வைத்து ஒப்பிட்டார். ஒன்றும் பிசகவில்லை. ஆனால் அந்தக் குறியீட்டை வெளியிட்டவரை எப்படி நம்புவது என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

பெயரைச் சொன்னால் பழியும் வந்து சேரும் என்று அஞ்சுகிறீர்கள். நியாயம்தான். 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையத்தளத்துக்குள்ளேயே புகுந்து, பின்கதவு (பிறர் இரகசியமாகக் கணினிக்குள் நுழையும் வழி) வைத்த கோப்பை மக்கள் தரவிறக்கும்படி செய்தார்கள். நாலு பேர் நடத்தும் கிளைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆனால் நீங்கள் வாய் திறக்காததால் யாரும் தேடாமல் இருப்பதில்லை. கண்ட இடத்தில் தரவிறக்குகிறார்கள்.

வழி ஏற்கெனவே இருக்கிறது. அதிகாரபூர்வமற்ற பதிப்புகளுக்கென்றே ஃபெடோரா என்ற லினக்ஸ் திட்டம் ‘ரீமிக்ஸ்’ என்ற பெயரை ஒதுக்கியிருக்கிறது. கண்டி ஹந்தானை மலையின் பெயர் தாங்கிய ஹந்தான லினக்ஸ் அப்படி வந்ததுதான். டெபியன் என்ற இன்னொரு திட்டம் தன் வழிவந்த பதிப்புகளுக்கு ஒரு பக்கமே வைத்திருக்கிறது. உபுண்டு லினக்ஸின் கிளையான உபுண்டு சினமன் 2019இல் வெளியாள் முயற்சியாகத் தொடங்கி, 2023இல்தான் அதிகாரபூர்வமானது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதைப் பயன்படுத்தியவர்களுக்கும் நம்பத்தக்க தகவல் தேவைப்பட்டிருக்கும் அல்லவா?

விளம்பரம் கேட்கவில்லை, ஒரு பக்கம் போதும். ‘இவை எங்கள் வெளியீடுகள் அல்ல’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். கீழே பதிப்பின் பெயர், பொறுப்பாளர், கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்த நாள். ஆறு மாதமாகத் திருத்தம் காணாததைத் தயங்காமல் நீக்குங்கள். தமிழ்ப் பதிப்புகளை நிறுவிப் பார்த்து, மாதம் ஒரு முறை உங்களுக்கு அறிக்கை அனுப்ப நானும் என் மாணவர்களும் தயார்.

நன்றியுடன்,
ஒரு கணினி ஆசிரியை
வெள்ளவத்தை, கொழும்பு