மழை பெய்தால் ஏறும் தொட்டி

கடலூர் முதுநகர்

அன்புள்ள மாப்ளே,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு முட்டிவலி மழைக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். நெட்டையன் மகளுக்குத் தையில் கல்யாணம், மண்டபம் மஞ்சக்குப்பத்தில். இந்தத் தடவையாவது முதல் பந்திக்கு வந்து சேர்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியிலேயே "ஷீல்டைப் பாத்தியா, எர்த்தைப் பாத்தியா" என்று நீ புகுந்துவிடுவாய். முழுசாக நீ கேட்டாக வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

சிப்காட்டில் நான் இப்போது ஒப்பந்தத்தில் பார்க்கிற ஆலையின் பேர் வேண்டாம். அங்கே ஒரு அமிலத் தொட்டி. அடைமழை விழுந்த ராத்திரிகளில் அதன் மட்டம் திரையில் தானாக ஏறும். பம்பு நின்றிருக்கும், வால்வு மூடியிருக்கும், ஆனாலும் 45 சதவீதம் மெல்ல மெல்ல 60 ஆகிவிடும். மறுநாள் உச்சி வெயில் அடித்ததும் பழையபடி இறங்கிவிடும். தொட்டியில் முக்கால்வாசி இருக்கிற நாளில் 90-ஐத் தொட்டு, பம்பையே டிரிப் அடித்து நிறுத்திவிடும்.

ஆலையை ஓட்டுகிற கம்ப்யூட்டரான பிஎல்சியில் மட்டத்தைப் படிக்கிற கார்டு போச்சு என்று எல்லோரும் முடிவு கட்டி, புது அனலாக் கார்டுக்கு ஆர்டரும் போட்டுவிட்டார்கள். ஏசி ரூமில் பேனலுக்குள் இருக்கிற கார்டுக்கும் வெளியே பெய்கிற மழைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தர் கேட்க வேண்டாமா? எனக்கு ஆத்திரமே அங்கேதான்.

மழை விடாத ஒரு ராத்திரியாகப் பார்த்துப் போனேன். கண்ட்ரோல் ரூமில் சொல்லி மட்டத்தின் லூப்பை மேனுவலில் போட வைத்துவிட்டு, தொட்டியிலிருந்து வருகிற ஃபீல்டு ஒயரைக் கழற்றி, அளந்து கரண்ட் கொடுக்கிற கேலிபரேட்டரால் 12 மில்லியாம்பியர் கொடுத்தேன். திரையில் கச்சிதமாக 50. நாலு கொடுத்தால் 0, இருபது கொடுத்தால் 100. கார்டு மேல் ஒரு குறையும் இல்லை. ஒயரைத் திரும்ப மாட்டி, மீட்டரை சீரிஸில் வைத்தால் 13.6, அதாவது 60 சதவீதம். ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு ஹெல்பர் பையன் டார்ச் பிடிக்க மேலே ஏறி, மட்டத்தைக் கரண்டாக மாற்றி அனுப்புகிற டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் அளந்தேன். 11.2. அப்படியென்றால் 45. தொட்டியில் இருப்பதும் அதுதான்.

டிரான்ஸ்மிட்டர் நிஜத்தைத்தான் சொல்கிறது. வழியில் எங்கேயோ 2.4 மில்லியாம்பியர் கூடுகிறது. இரண்டு ஒயர் லூப்பில் கரண்டும் சிக்னலும் ஒரே ஜோடியில்தான் போகிறது. அந்த இரண்டுக்கும் நடுவே கசிந்தால், கசிந்ததும் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால்தான் மழைக்கு மட்டம் ஏறியதே தவிர ஒரு நாளும் குறைத்துக் காட்டவில்லை.

பாதி வழியில் ஒயர்கள் சேர்கிற ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தேன். கேபிள் மேலிருந்து உள்ளே இறங்குகிறது, அது நுழைகிற ஓட்டையை அடைக்கும் கிளாண்டு ரப்பர் வெடித்துப் போயிருக்கிறது, பக்கத்து ஓட்டைக்கு பிளக்கே கிடையாது. அடியில் விரல் கனத்துக்குத் தண்ணீர். டெர்மினலில் பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவே பச்சைக் களிம்பு பிடித்து ஒட்டிக் கிடந்தது. நம் ஊர் உப்புக்காற்று சும்மா விடுமா? ஸ்ட்ரிப்பை மாற்றி, ஒயர் முனைகளுக்கு ஃபெருல் அடித்து, கேபிளைக் கீழ்ப்பக்கமாக வளைத்து நுழைத்தோம். இரண்டு முனையையும் கழற்றிவிட்டுத்தான் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் வைத்தேன்.

ஒன்று யோசித்துப் பார். கம்பி அறுந்தால் 0 மில்லியாம்பியர் வரும், தெரிந்துவிடும். நாமூர் என்கிற அமைப்பு வகுத்த முறைப்படி, கோளாறான டிரான்ஸ்மிட்டர் 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போய்க் காட்டிக் கொடுக்கும். இந்தக் கசிவு நாலுக்கும் இருபதுக்கும் நடுவிலேயே நிற்கிறது. எந்த அலாரமும் அடிக்காது.

இவ்வளவும் சந்தோஷமான விஷயம். காகிதம் எடுத்தது இனிமேல் சொல்லப் போவதற்காக.

வேலை முடிந்து லேப்டாப்பை மாட்டும்போது பார்த்தால், பிஎல்சியின் சிபியுவில் ஃபோர்ஸ் லைட் எரிகிறது, அதாவது நிஜ சிக்னலை ஒதுக்கிவிட்டு யாரோ கையால் ஒரு மதிப்பைத் திணித்திருக்கிறார்கள். தொட்டி உச்சியில் இருக்கிற மிதவை ஸ்விட்சின் இன்புட்டை 1 என்று ஃபோர்ஸ் போட்டு வைத்திருக்கிறார்கள். நார்மலி க்ளோஸ்டு அது, சாதாரணமாக மூடியே இருந்து 24 வோல்ட்டை விட்டுக்கொண்டிருக்கும். அமிலம் ஏறி மிதவையைத் தூக்கினாலும், ஒயரே அறுந்தாலும், 24 வோல்ட் போய் பம்பு நிற்க வேண்டும். ஃபோர்ஸ் இருக்கிற வரைக்கும் நிற்கவே நிற்காது. அதன் ஒயரும் அதே பாக்ஸ் வழியாகத்தான் போகிறது. களிம்பில் காண்டாக்ட் விட்டு விட்டுப் போய் பம்பு நின்றிருக்கும், வாசலில் டேங்கர் காத்திருந்திருக்கும், ஏதோ ஒரு ஷிப்டில் போட்டுவிட்டார்கள். யார், எப்போது என்று ரெஜிஸ்டரில் ஒரு வரி இல்லை. கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை.

இங்கிலாந்தில் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு, 2005 டிசம்பர் 11 உனக்கு ஞாபகம் இருக்கும். மட்டமானி அப்படியே சிக்கி நின்றுவிட்டது. தனியாக இருந்த உயர்மட்ட ஸ்விட்சோ, டெஸ்ட் நெம்புகோலைப் பிடித்து வைக்கும் சின்னப் பூட்டு இல்லாததால் வேலை செய்யவில்லை. பெட்ரோல் வழிந்து வெடித்தது, 43 பேருக்குக் காயம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. நம் தொட்டியின் கீழே, டேங்கர் கிளீனர் பையன் நிழலுக்கு உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற இடம் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, மாப்ளே.

ஃபோர்ஸை எடுத்துவிட்டு, பம்பை ஓடவிட்டு மிதவையைக் கையால் தூக்கினேன். பம்பு நின்றது. மேனேஜர் முதலில் உற்பத்தி, லோடு என்றுதான் இழுத்தார். பிறகு ஃபோர்ஸ் போடுவதற்கு ஒரு முறை எழுதித் தரச் சொல்லிவிட்டார். இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், ஷிப்ட் மாறும்போது எடுத்தே ஆக வேண்டும், கண்ட்ரோல் ரூம் போர்டில் பெரிசாக எழுதி வைக்க வேண்டும் என்று நான் நினைத்திருக்கிறேன். ஆனால் ராத்திரி ஷிப்டில் இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் எங்கே இருக்கிறான்? அதற்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

சேதராப்பட்டில் உங்கள் ஆலையில் இதற்கு ஒரு படிவம் உண்டு என்று எப்போதோ சொன்னாய். திங்கட்கிழமைக்குள் அதைப் படம் எடுத்து அனுப்பு. ஆங்கிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, ஷிப்டுப் பசங்களுக்காக நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன். ராத்திரி ஷிப்டுக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் மச்சான்