விபத்து வழக்கு நடக்கும்போது செல்போனில் என்ன போடலாம்? கட்சிக்காரர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள கட்சிக்காரர்களுக்கு,

வணக்கம். எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில் என்று நாங்கள் கேட்டதையெல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கொடுக்காமலே வழக்குக்குள் வந்துவிடக்கூடிய ஆவணமும் உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நீங்களும் உங்கள் வீட்டாரும் போடும் படங்களைச் சொல்கிறோம். நேரில் வருகிறவர்களிடம் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறோம். எழுத்தில் இருந்தால் வீட்டில் எல்லோரும் படிக்கலாம் என்பதால் இந்த மடல்.

முதலில் இழப்பீடு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது தெரிய வேண்டும். எலும்பு முறிந்தது என்பதற்காக மட்டும் பெரிய தொகை கிடைப்பதில்லை. அந்த முறிவால் உங்கள் சம்பாத்தியம் எவ்வளவு குறைந்தது என்பதைத்தான், விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் முக்கியமாகப் பார்க்கும். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இடது கையை இழந்தவர் டிரைவராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய வருமான இழப்பு கிட்டத்தட்ட 100 சதவீதமாக இருக்கலாம். அதே கையை இழந்தவர் அரசு அலுவலக குமாஸ்தாவாக இருந்தால் வேலையே போகாமல் இருக்கலாம். காயம் ஒன்றுதான், தொகை வேறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வயது 34, மாத வருமானம் 18,000 ரூபாய். இந்த வயதுக்கு, சரளா வர்மா வழக்கின் 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உள்ள அட்டவணைப்படி, ஆண்டு வருமானத்தை 16-ஆல் பெருக்க வேண்டும். சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால் 13,82,400 ரூபாய் வரும். 20 சதவீதம்தான் என்று முடிவானால் 6,91,200. மருத்துவச் செலவு, வலி வேதனைக்கான தொகை, எதிர்கால வருமான உயர்வு எல்லாம் இதில் சேரவில்லை. ஆக, இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் உங்களுக்கு அடியே படவில்லை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த சதவீதத்தைக் குறைத்தாலே அவர் வேலை முடிந்தது. அதற்கு அவருக்கு ஒரே ஒரு படம் போதும்.

ஒரு உதாரணம் சொல்கிறோம். முழங்கால் உடைந்து பிளேட் வைத்த ஒருவர், படி ஏற முடியவில்லை, அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை என்று பிரமாண வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். வேண்டுதல் இருந்ததால் குடும்பத்தோடு பழனிக்குப் போகிறார். விஞ்ச்சில் மேலே போய், விஞ்ச்சிலேயே கீழே வருகிறார். மலைமேல் எடுத்த படத்தை மகன் ஸ்டேட்டஸில் போட்டு, "முருகன் அருளால் மலையேறி தரிசனம் முடித்தோம்" என்று எழுதிவிடுகிறான். பொய் எதுவும் இல்லை, கோயிலுக்குப் போய் வந்தவர்கள் எழுதுவதுதான். ஆனால் எட்டு மாதம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அதன் பிரிண்ட் அவுட்டைக் கையில் கொடுத்து, "படத்தில் இருப்பது நீங்கள்தானே? மலையேறியதாகப் போட்டிருக்கிறதே?" என்று கேட்பார்கள். விஞ்ச் டிக்கெட் அதற்குள் எங்கே போயிருக்குமோ. இரவெல்லாம் கால் வீங்கிக் கிடந்தது படத்தில் இல்லை.

சரி, செல்போன் படமெல்லாம் கோர்ட்டில் செல்லுமா என்று சிலர் கேட்கிறீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்ய உரிய சான்றிதழ் வேண்டும். ஆனால் சாட்சிக் கூண்டில் நின்று "ஆமாம், என் படம்தான்" என்று நீங்களே சொல்லிவிட்டால், அப்புறம் சான்றிதழ் இல்லை என்று நாங்கள் வாதாடுவதில் பெரிய பலன் இருக்காது. இல்லை என்று பொய் சொல்வது அதைவிடப் பெரிய ஆபத்து. அதை நாங்கள் ஒருபோதும் அனுமதிக்க மாட்டோம்.

இன்னொன்று, நம் ஆட்களின் நல்ல சுபாவமே இதில் எதிராகத் திரும்புகிறது. சொந்தக்காரர்கள் கவலைப்படுவார்களே என்று, வலியைப் பொறுத்துக்கொண்டு "இப்ப நல்லா இருக்கேன், யாரும் கவலைப்பட வேண்டாம்" என்று போடுகிறோம். கல்யாண மேடையில் இரண்டு நிமிடம் நின்று சிரிக்கிறோம். மண்டபத்தில் மற்ற நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை யாரும் படம் எடுப்பதில்லை. விபத்துக்கு மூன்று வருஷம் முன்பு காவடி எடுத்த படத்தை ஃபேஸ்புக் நினைவூட்ட, அதை நீங்கள் மறுபடி பகிர்ந்தால், பகிர்ந்த நாளின் தேதியில்தான் அது தெரியும். மச்சான் உங்களை டேக் செய்து போடும் வீடியோவும் உங்கள் கணக்கில்தான் வந்து சேரும். ஆகவே இதை வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் நெருங்கிய சொந்தங்களுக்கும் சொல்லிவையுங்கள். வழக்கு முடியும் வரை உங்கள் படத்தைப் போட வேண்டாம், டேக் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

கணக்கைப் பூட்டி வைத்தால் போதாதா? போதாது. உங்கள் நண்பர் பட்டியலில் உள்ள யார் வேண்டுமானாலும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம். முன்பின் தெரியாதவரிடமிருந்து வரும் ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் விசாரணை செய்ய வந்தவருடையதாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் இந்த விஷயம் வெகுதூரம் போயிருக்கிறது. நியூயார்க்கில் குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பெண், கம்ப்யூட்டரில் கோர்வையாகச் செய்தி எழுதுவதுகூடச் சிரமமாகிவிட்டது என்றார். பூட்டி வைத்த ஃபேஸ்புக் படங்களில் ஒரு பகுதியையும், விபத்துக்குப் பிறகு அவர் அனுப்பிய தனிச் செய்திகளின் நேரத்தையும், ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்துகள் அல்லது சொற்கள் என்ற விவரத்தையும் ஒப்படைக்கச் சொன்ன உத்தரவு சரிதான் என்று அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 2018-ல் முடிவு செய்தது.

இதைப் படித்ததும் பழைய படங்களையெல்லாம் அழித்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். விர்ஜீனியாவில், கான்கிரீட் லாரி மோதி மனைவியைப் பறிகொடுத்த ஒருவர், வக்கீல் அலுவலகம் சொன்னதைக் கேட்டு ஃபேஸ்புக்கிலிருந்து 16 படங்களை அழித்தார். அவை பின்னர் மீட்கப்பட்டன. வக்கீலுக்கு 5,42,000 டாலரும் படங்களை அழித்தவருக்கு 1,80,000 டாலரும் அபராதமாக விழுந்தன. 2013-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அழித்த படம் எப்படியும் எங்கேயாவது இருக்கும். அழித்தார் என்ற செய்தி வெளியே வந்தால், மறைக்க ஏதோ இருந்திருக்கிறது என்றுதான் நீதிபதிக்குத் தோன்றும். ஏற்கெனவே போட்டது அப்படியே இருக்கட்டும். சந்தேகமான படம் ஏதாவது இருந்தால் எங்களிடம் காட்டுங்கள். முன்பே தெரிந்தால், முதல் விசாரணையிலேயே, அதாவது நம் தரப்பில் நீங்கள் சாட்சி சொல்லும்போதே, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம்.

நாங்கள் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. வேலைக்குத் திரும்பிவிட்டீர்களா, வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறீர்களா, சொல்லுங்கள். முன்பு மூட்டை தூக்கியவர் இப்போது கடையில் கல்லாவில் உட்கார்ந்தால், அந்த வருமான வித்தியாசத்தையே நியாயமான இழப்பாகக் கேட்கலாம். எங்களுக்குத் தெரியாமல் எதிர்த்தரப்பு வக்கீல் வாயிலிருந்து அது வந்தால்தான் மற்ற உண்மைகளும் சேர்ந்து அடிபடும்.

விபத்து நடந்த விதத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். "நானும் கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன்" என்ற ஒரு கமெண்ட், உங்கள் பங்கிலும் கவனக்குறைவு உண்டு என்று தொகையைக் குறைக்கக் கேட்பதற்கு வழிவிடும். லோக் அதாலத்தில் (சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றத்தில்) பேசிய தொகையையும் வெளியே சொல்லாதீர்கள்.

உங்கள் செல்போனில் உங்களுக்குச் சாதகமானவையும் இருக்கின்றன. சம்பளச் சீட்டு இல்லாத டிரைவர், கொத்தனார், தையல்காரர், பூக்கடைக்காரர் எல்லோருக்கும் விபத்துக்கு முன்னால் என்ன வேலை செய்தார், எவ்வளவு சம்பாதித்தார் என்று காட்டுவதுதான் பெரும்பாடு. வேலையிடத்தில் எடுத்த பழைய படங்கள், கூகுள் பே வரவுகள், ஆர்டர் கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்திகள், வலி தாங்காமல் முதலாளிக்கு லீவு கேட்டு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதற்கு உதவும். போனை மாற்றுவதாகவோ விற்பதாகவோ இருந்தால் அதற்கு முன் ஒருமுறை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். தேவையானதை முறைப்படி நகல் எடுத்து, 63-ஆம் பிரிவுச் சான்றிதழுக்கும் சேர்த்து இங்கேயே ஏற்பாடு செய்கிறோம். அதற்குத் தனியாகக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் வழக்கறிஞர் அலுவலகம்,
சேலம்