கழற்றுவதற்கே ஏன் இத்தனை நாள்? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் பட்டறையில் விட்டுச் சென்ற சில நாட்களில் உங்களில் பலர் தொலைபேசியில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இன்னுமா கழற்றிக்கொண்டிருக்கிறீர்கள்?" ஆம், கழற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். சீட், கார்பெட், டோர் பேட் (கதவின் உட்பலகை), டேஷ்போர்டு உறை, கூரைத் துணி என்று காரின் உட்புறத்தை அவிழ்ப்பதற்குச் சில சமயம் திரும்பப் பூட்டுவதைவிட அதிக நாள் பிடிக்கிறது. வேலையை இழுத்தடிக்கிறோம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை விரிவாகச் சொல்லிவிடவே இந்த மடல்.

இன்றைய காரில் ஒரு கிளிப் உடைந்தால் இன்னொன்று வாங்கிப் பொருத்திவிடலாம். 1965இல் செய்த காரில் அப்படி முடியாது. எம்ஜிபி, ட்ரையம்ஃப் டிஆர்6, ஜாகுவார் இ-டைப் போன்ற பேர்போன கார்களுக்குப் புதிய உட்பலகைகளும் கார்பெட்டும் இன்றும் கிடைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்துக் கார்களின் உடல் தகடுகளில் கையால் முடித்த வேலை மிகுதி. ஒரே மாடலின் இரண்டு கார்களை அருகருகே நிறுத்தி அளந்தால்கூட ஓரங்கள் கொஞ்சம் வேறுபடும். அதனால் கடையில் வாங்கிய புதிய பலகை உங்கள் காரில் அப்படியே உட்காராது. எங்கே துளை போடுவது, எந்த ஓரத்தை எவ்வளவு இழைப்பது என்பதைப் பழைய பலகைதான் காட்டிக்கொடுக்கும். உப்பிப்போய், ஓரம் உதிர்ந்த பலகையானாலும் அதை முழுதாக வெளியே எடுக்க நாங்கள் பாடுபடுவது இதற்காகத்தான்.

முதல் வேலை பேட்டரி. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பவை அரை நூற்றாண்டு பழைய ஒயர்கள், உறை வெடித்திருக்கும். திருப்புளி ஒருமுறை தவறாகப் பட்டாலும் புகை கிளம்பிவிடும். எர்த் இணைப்பை, அதாவது பேட்டரியைக் காரின் உடலோடு சேர்க்கும் கேபிளை, முதலில் எடுக்க வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். இதிலும் பழைய கார்களில் ஒரு கண்ணி உண்டு. இன்றைய கார்களில் எதிர்முனைதான் எர்த்; 1967 வரை வந்த எம்ஜிபியிலோ பேட்டரியின் நேர்முனைதான் எர்த். அந்தக் காரில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், சீட்டுகளுக்குப் பின்னால், கார்பெட்டுக்கு அடியில் இருக்கும். ஆகவே பேட்டரியை எட்டுவதற்கே உட்புறத்தில் ஒரு பகுதியைக் கழற்றியாக வேண்டும்.

அடுத்தது திருகுகள். பார்வைக்கு எல்லாம் ஒரே கூட்டல் குறி போலத்தான் தெரியும். பல பிரிட்டிஷ் கார்களில் இருப்பது போசிட்ரைவ் தலை. கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் இருக்கும். டாட்சன் 240இசட் போன்ற ஜப்பானியக் கார்களில் ஜப்பானியத் தரத்துத் தலை. பலவற்றில் ஒரு சிறு புள்ளி இருக்கும். வீடுகளில் வைத்திருக்கும் சாதாரண ஃபிலிப்ஸ் திருப்புளியை இவற்றில் வைத்து அழுத்தினால் முனை மேலேறி வழுக்கி, தலையைத் தின்றுவிடும். தலை போன திருகைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்போது துளைக்கும் முனை வழுக்கி ரெக்சினைக் கிழிக்கும் ஆபத்து எப்போதும் உண்டு. எனவே துருப்பிடித்த திருகுகளுக்கு முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு, அது ரெக்சினில் வழியாதபடி சுற்றிலும் துணி வைத்து, காத்திருக்கிறோம்.

எடுத்த ஒவ்வொரு திருகும் அதன் வாஷரோடு தனிப் பைக்குள் போகிறது. எந்த இடம், எந்தத் துளை என்று பையின் மேல் எழுதுகிறோம். கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுக்கிறோம். இந்தப் பழக்கம் எங்களுக்கு ஒரு தவறிலிருந்து வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காரின் டோர் பேட்டைத் திரும்பப் பூட்டியபோது ஒரு திருகு மட்டும் காணவில்லை. அதே தடிமனில், கொஞ்சம் நீளமான ஒன்றைப் போட்டுவிட்டோம். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் இல்லை. உரிமையாளர் கண்ணாடியை இறக்கினார். உள்ளே நீட்டிக்கொண்டிருந்த முனை கண்ணாடியின் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டது. அந்தக் காருக்கே உரிய பழைய கண்ணாடி அது. அதுபோல் இன்னொன்றைத் தேடித் தந்தோம் என்றாலும், அவர் முகம் இன்னும் எங்கள் நினைவில் இருக்கிறது. அன்றிலிருந்து பையில்லாமல் ஒரு திருகும் எங்கள் மேசையில் கிடப்பதில்லை.

கதவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். வீட்டில் முயன்றவர்கள் பெரும்பாலும் உடைத்துக்கொண்டு வருவது இங்கேதான். டோர் பேட் என்பது ஹார்டுபோர்டின் மேல் ரெக்சின் ஒட்டிய பலகை. பின்பக்கம் உள்ள வில் கிளிப்புகள் கதவுத் தகட்டின் துளைகளுக்குள் நுழைந்து பிடித்துக்கொண்டிருக்கும். ஓரத்தில் கையை விட்டு இழுத்தால் கிளிப் வராது, பலகைதான் கிளிப்பைச் சுற்றிப் பிய்த்துக்கொண்டு வரும். கவை போன்ற அகன்ற நெம்புகோலை ஒவ்வொரு கிளிப்புக்கும் நேர் அடியில் செலுத்தி, அந்த இடத்தில் மட்டும் நெம்ப வேண்டும். அதற்கு முன் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி வெளியே வர வேண்டும். எம்ஜிபியில் அது ஒரு திருகால் நிற்கிறது. வேறு சில பழைய பிரிட்டிஷ் கார்களில் கைப்பிடியின் கழுத்தில் குறுக்கே ஒரு சிறு ஊசி செருகியிருக்கும். கைப்பிடிக்குப் பின்னால் உள்ள வளையத்தை உள்ளே அழுத்திப் பிடித்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். அமெரிக்கக் கார்கள் பலவற்றில் லாட வடிவக் கிளிப் ஒன்று பின்னால் மறைந்திருக்கும். ஒரு துணிப் பட்டையைக் கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து இருபுறமும் மாறி மாறி இழுத்தால் அந்தக் கிளிப் துள்ளி வெளியே விழும். எந்த வகை என்று தெரியாமல் பலத்தைக் காட்டினால் கைப்பிடியோ பலகையோ போய்விடும்.

பலகையை எடுத்ததும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்க வேண்டும். பாதிக் கார்களில் இருப்பதில்லை. முன்பு யாரோ கிழித்து எறிந்திருப்பார்கள். மழைநீர் கண்ணாடியோடு சேர்ந்து கதவுக்குள் இறங்குவது இயல்பு. அதை வெளியே விடத்தான் கதவின் அடியில் வடிகால் துளைகள் இருக்கின்றன. வடியும் நீர் பலகையைத் தொடாமல் காப்பது இந்தத் தாள். தாள் இல்லையென்றால் நீங்கள் ஆசையாகப் போட்ட புதிய பலகையும் சில மழைக்காலங்களில் அடியில் உப்பிவிடும். ஆகவே துளைகளில் அடைத்த சேற்றைக் கிளறி எடுத்து, புதிய தாளை வெட்டி, அதன் கீழோரம் நீரைக் கதவுக்குள்ளேயே திருப்பிவிடும்படி செருகி ஒட்டிய பிறகுதான் பலகையைத் தொடுகிறோம். கண்ணாடி ஏறி இறங்கும் பொறிக்குக் கிரீஸ் இடுவதும் அப்போதே முடிந்துவிடும்.

கார்பெட்டைத் தூக்கும் நாளில் உங்களுக்கு எங்களிடமிருந்து அழைப்பு வர வாய்ப்பு அதிகம். அடியில் உள்ள ஃபெல்ட் எனும் தடித்த மெத்தைத் துணி நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தரைத் தகட்டை ஈரமாகவே வைத்திருக்கும். மேலே பார்க்கக் கார்பெட் அழகாக இருக்கும். அடியில் விரலால் அழுத்தினால் தகடு உள்ளே போகும். துருவின் மேல் புதிய கார்பெட்டை ஒட்டித் தர எங்களுக்கு மனம் வராது. நீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்: முன்கண்ணாடியின் ரப்பரா, திறந்த காரின் துணிக்கூரை ஓரமா, கதவோரத்து ரப்பர் பீடிங்கா? படம் எடுத்து அனுப்பி, உங்கள் முடிவுக்குக் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பும் நீங்கள் எண்ணும் நாட்களில் சேர்ந்துகொள்கிறது.

கூரைத் துணி பலருக்கு எளிதாகத் தெரிகிறது. மூடிய கார்கள் பலவற்றில் அது வளைந்த கம்பிகளில் தொங்குகிறது. ஒவ்வொரு கம்பிக்கும் வளைவு வேறு, வரிசை மாறினால் சுருக்கம் போகவே போகாது. துணியின் ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில் மடிந்திருந்தால் கண்ணாடியையே கழற்ற வேண்டும். பசையிலும் அவசரம் ஆகாது. இரு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, ஒரே தடவையில் சரியாக வைக்க வேண்டும். தொட்டபின் நகர்த்த முடியாது. வெயிலில் மூடி நிற்கும் காரின் கூரை கொதிக்கும். வெப்பம் தாங்காத பசை இளகி, துணி தலையில் வந்து தொங்கும்.

டேஷ்போர்டைப் பற்றி ஒன்றே ஒன்று: 240இசட்டின் டேஷ்போர்டு போல நுரையின் மேல் ரெக்சின் போர்த்தியவை காலப்போக்கில் வெடிப்பது வழக்கம். கழற்றும்போது அந்த வெடிப்பு நீளக்கூடும். அதை முன்கூட்டியே சொல்லி, உங்கள் சம்மதம் வாங்கிய பிறகே கை வைப்போம்.

பூட்டும்போது எல்லாத் திருகுகளையும் தளர்வாக நிறுத்தி, கதவை மூடித் திறந்து பார்த்து, பிறகுதான் இறுக்குகிறோம். சீட் பெல்ட் போல்ட்டுகள் தனி இனம். பெரும்பாலான கார்களில் அவை 7/16 அங்குல யுஎன்எஃப் (நெருக்கமான அங்குல அளவு) மரை கொண்ட, அதிக வலிமையுள்ள போல்ட்டுகள். அவற்றுக்குப் பதிலாகச் சாதாரண போல்ட்டை எவர் கேட்டாலும் போட மாட்டோம்.

உங்களிடம் சில வேண்டுகோள்கள். காரைக் கொண்டுவருவதற்கு முன் நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று நீங்களே கழற்றத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே கழற்றியிருந்தால் உடைந்த கிளிப், அரைத் துண்டுப் பலகை, பெயர் தெரியாத இரும்புத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டுக் கொண்டுவாருங்கள்; குப்பை என்று நீங்கள் நினைத்தது எங்களுக்கு அளவெடுக்கும் மாதிரியாக இருக்கலாம். வருவதற்கு முன் சிலிக்கோன் கலந்த பளபளப்புத் திரவத்தால் ரெக்சினைத் துடைக்காதீர்கள். அதன் மேல் பசை பிடிக்காது.

டோர் பேட்டுகள் ஏறுவதற்கு முந்தைய நாள் உங்களுக்குச் சொல்லி அனுப்புவோம். முடிந்தால் வாருங்கள். கதவின் உள்ளே என்ன செய்திருக்கிறோம் என்பதை, பலகை மூடும் முன் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் பட்டறையினர்