தொப்பூர் இறக்கத்து லாரி: நண்பனுக்கு ஒரு கடிதம்

தருமபுரி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பைக்கில் போன தம்பிமேல் தொப்பூர் இறக்கத்தில் லாரி மோதியது என்று தொடங்கியிருந்தாய்; உயிருக்கு ஆபத்தில்லை என்ற வரியைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் படிக்க முடிந்தது. தொடையில் பிளேட் வைத்திருக்கிறார்கள், முட்டி மடங்காது என்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். டைல்ஸ் வேலை செய்கிறவனுக்கு முட்டி மடங்காமல் போனால் என்ன மிஞ்சும் என்பதே இரண்டு நாளாக மனதில் ஓடுகிறது. அம்மாவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லையாமே. சொல்லிவிடு. அவர் தாங்குவார்.

இங்கே எல்லோரும் சுகம். மகள் படிப்பை முடித்துவிட்டாள், கோயம்புத்தூரில் வேலை. நான் வழக்கம்போல விபத்து இழப்பீட்டு வழக்குகளோடு இருக்கிறேன். அவற்றில் பல, உன் தம்பி அடிபட்ட அதே தொப்பூர் கணவாயிலிருந்து வருகின்றன. அதனால் இழப்பீட்டு வழக்கை எப்படி நடத்துவது என்று நீ கேட்டதற்கு விரிவாகவே எழுதுகிறேன்.

எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்த்தேன். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற அதே வாசகம். இழப்பீட்டு வழக்கைத் தொடங்க இது போதும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் கிரிமினல் கோர்ட் அளவுக்குச் சந்தேகமற நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் சரி. ஆனால் இதோடு நின்றுவிட்டால் எதிர்த்தரப்பு இரண்டு விஷயம் சொல்லும். பைக் திடீரென்று லேன் மாறியது, ஆகவே பாதித் தவறு உன் தம்பிமேல் என்று இன்சூரன்ஸ் தரப்பு சொல்லும். பிரேக் பிடிக்கவில்லை, யார் என்ன செய்ய முடியும் என்று ஓனர் சொல்லுவார். முதலாவதற்கு போலீஸ் வரைபடமும், டயர் தடமும், பைக்கில் அடிபட்ட இடமும் பதில் சொல்லும். இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நீ இயற்பியல் வாத்தியார். 40 டன் லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 4 கோடி ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். கியரில் இறங்கினால் அதில் ஒரு பங்கை எஞ்சினே வாங்கிக்கொண்டு வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் மொத்தச் சூடும் பிரேக் டிரம்மில் இறங்கும். டிரம் சூட்டில் விரிந்து, அதை உரசி நிறுத்தும் பட்டையான லைனிங்கிலிருந்து விலகும், லைனிங்கின் பிடிமானமும் குறையும், பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. நியூட்ரலில் இறக்காதீர்கள் என்று கணவாயில் எழுதியே வைத்திருக்கிறார்கள். தருமபுரிப் பக்கமிருந்து பாளையம் சுங்கச்சாவடி தாண்டி இறங்கும் லாரிகள் இரட்டைப் பாலத்துக்கு அருகே கட்டுப்பாட்டை இழப்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

டிரம் ஆறிவிட்டால் பிரேக் பழையபடி பிடிக்கும். மறுநாள் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை ஓட்டிப் பார்த்து "பிரேக் நல்ல நிலையில் உள்ளது" என்று எழுதினால் அது பொய்யல்ல. அந்த ஒரு வரியை வைத்து மொத்தப் பழியையும் டிரைவர் தலையில் இறக்கிவிடுகிறார்கள், ஓனரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சக்கரத்தைக் கழற்றி, டிரம் நீலம் பாய்ந்திருக்கிறதா, லைனிங் வழவழத்துப் போயிருக்கிறதா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்கு அவகாசமும் குறைவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவு, ஆய்வு முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் வண்டியைத் திருப்பித் தரச் சொல்கிறது. வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போன அன்றே பழைய லைனிங் காயலான் கடைக்குப் போய்விடும். உன் தம்பி ஆபரேஷன் தியேட்டரில் இருந்த நேரத்தில் இதெல்லாம் நடந்து முடிந்திருக்கும். அடிபட்டவன் வீட்டில் யாருக்கு அப்போது லாரியைத் தேடிப் போகத் தோன்றும்? இந்த அநியாயம் எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆனாலும் வண்டி போனால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதே. காகிதங்கள் இருக்கின்றன. ஃபாஸ்டேக் கணக்கை எடுத்தால் லாரி கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது, பாளையத்தை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று தெரிந்துவிடும். அதற்கு முந்தைய சுங்கச்சாவடிகளையும் சேர்த்துப் பார்த்தால் டிரைவர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் ஓட்டினார் என்பதும் வெளிவரும். ஒரு டிரைவருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரம்பு வைத்தது. கம்பி லோடு என்கிறாய். அவ்வளவு மதிப்புள்ள சரக்கென்றால், ஜி.எஸ்.டி.யில் சரக்கை அனுப்பும்போது எடுக்க வேண்டிய இ-வே பில் இருக்கும், சரக்கின் அளவு, புறப்பட்ட தேதி, வண்டி எண் எல்லாம் அதில் வரும். எடை மேடைச் சீட்டு கிடைத்தால் ஓவர்லோடா என்று சொல்லிவிடலாம். அப்புறம் எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சான்று, பர்மிட், சர்வீஸ் பில்கள், வண்டியில் ஜி.பி.எஸ். இருந்தால் அதன் பதிவு. ஓனர் தர மறுத்தால் வரவழைக்கத் தீர்ப்பாயத்துக்கு சிவில் கோர்ட் அதிகாரம் உண்டு. இவற்றை அழிக்கக் கூடாது என்று ஓனருக்கு இந்த வாரமே நோட்டீஸ் அனுப்பலாம். கேமரா பதிவுதான் அவசரம், பழையதன்மேல் புதியது ஏறிவிடும்.

பிரேக் ஃபெயிலியர் என்று சொல்லிவிட்டு ஓனர் கழன்றுகொள்ள முடியாது. வண்டியைச் சரியாகப் பராமரித்தேன், குறை வெளியே தெரியாதது என்று நிரூபிக்க வேண்டியது ஓனரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1977லேயே சொல்லியிருக்கிறது. சர்வீஸ் பில் இல்லாத ஓனருக்கு அது பெரும்பாடு.

டிரைவர்மேல் உனக்குக் கோபம் இருப்பது புரிகிறது. எனக்கும் அவர் செய்தது சரியென்று படவில்லை. ஆனால் நான் பேசிய டிரைவர்களில் பலர், டீசல் கூடுதலாகப் போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நியூட்ரலில் இறக்கும் பழக்கம் வெறும் திமிரில் வருவதில்லை. கேஸும் ஜாமீனும் டிரைவருக்கு, அந்த லாரி மட்டும் அடுத்த வாரமே வேறு டிரைவரோடு அதே இறக்கத்தில் இறங்கும். அதனால்தான் ஓனரின் கணக்குப் புத்தகம் வரை விசாரணை போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். பணம் இன்சூரன்ஸில் வந்துவிடும் என்று சக வக்கீல்கள் சிலர் சொல்கிறார்கள். வரட்டும். எதனால் நடந்தது என்பதும் தீர்ப்பில் பதிவாக வேண்டும்.

தொகை பற்றிக் கேட்டிருந்தாய். மெடிக்கல் போர்டு காலுக்கு 40 சதவீத ஊனம் என்று எழுதினால் அதையே வருமான இழப்பாக எடுத்துக்கொள்ளச் சம்மதிக்காதே. அந்த ஊனம் அவரவர் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குத்துக்காலிட்டு உட்கார முடியாதவன் டைல்ஸ் பதிக்க முடியாது, அதை மேஸ்திரியை வைத்தே சாட்சி சொல்ல வைக்கலாம். தம்பிக்கு 38 வயது, அந்த வயதுக்கு ஓராண்டு வருமான இழப்பைப் பெருக்கும் எண் 15. சொந்தமாகத் தொழில் செய்கிறவன், 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால வருமானத்துக்கென 40 சதவீதம் கூட்டிக் கேட்கலாம். கூலி கொடுத்தவர்களின் கணக்கு நோட்டு, கூகுள் பே பதிவு எதையும் விட்டுவிடாதே.

மனுவை 6 மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். நீங்கள் இருக்கும் தஞ்சாவூரிலேயே போடலாம், தருமபுரிக்கு அலைய வேண்டாம். போலீஸ் 90 நாளில் விரிவான விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும், அந்த நகலை நான் இங்கே கேட்டு வாங்குகிறேன். ஆய்வாளர் அறிக்கைக்கும் நாளையே மனு கொடுக்கிறேன்.

நீ இப்போது செய்ய வேண்டியது: டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போடு. அடிபட்ட பைக்கை ரிப்பேருக்கு விடாதே, நாலு பக்கமும் போட்டோ எடு. யாராவது வந்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய், தம்பியும் பக்கத்தில் இருக்கட்டும். லாரி பின்னாலிருந்து வந்ததா, ஹாரன் அடித்ததா என்று அவன் வாயாலேயே கேட்க வேண்டும்.

அன்புடன்,
பழனி