ஓர்க்கை அழித்துவிட்டு நோம் என்று எழுதினாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதையாட்டங்களில் இனங்கள் எப்படி மாறிவருகின்றன என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷத்தில். அப்படிப்பட்ட ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பற்றி ஒரு தமிழ் நாளிதழில் அரைப் பக்கம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் முறை கையில் பென்சிலோடு.

முன்பெல்லாம் டுவார்ஃப் (மலைக்குள் வாழும் குள்ளர்) என்றால் டுவார்ஃப், எல்ஃப் (கூர்காது கொண்ட மாயப் பிறவி) என்றால் எல்ஃப்; இப்போது இனத்துக்கென்று இருந்த எண்களை எடுத்து, யாரும் எதுவாகவும் ஆகலாம் என்று விட்டுவிட்டதால் இனத்துக்கு அடையாளமே இல்லாமல் போய்விட்டது என்கிறார் கட்டுரையாளர். பாதி சரி. ஆனால் அவர் பழியைப் போட்ட இடம் தவறு.

நான் பன்னிரண்டு வருடமாக டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ள, மிச்ச உலகம் முழுவதையும் தலையில் சுமப்பவள். பிழைப்புக்குச் செய்வது கணக்குத் தணிக்கை. எண்கள் மேல் எனக்கு விரோதம் எதுவும் கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த 'முன்பெல்லாம்' எப்போது? 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த முதல் விதிகளில் டுவார்ஃப் சண்டைக்காரனாக மட்டுமே ஆகலாம், அதுவும் ஆறாம் லெவல் (அனுபவத்தால் ஏறும் படி) வரைக்கும்தான். குட்டி உருவ ஹாபிட்டுக்கு நாலோடு சரி. மனிதனுக்கு மட்டும் வரம்பே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் பலவீனமாகத் தொடங்கிப் படிப்படியாக வளர்வதாக இருந்தால் ஆட்டக்காரர் கிட்டத்தட்ட எதுவாகவும் ஆடலாம் என்று அதே புத்தகத்தில் ஒரு வரியும் இருக்கிறது. ஐம்பது வருடச் சண்டையின் இரண்டு கட்சியும் முதல் புத்தகத்திலேயே ஒன்றாகக் குடியிருந்தன. 1981-ல் வந்த பேசிக் தொகுப்பில் எல்ஃப் என்பதே ஒரு கிளாஸ், அதாவது தொழில். "உன் தொழில் என்ன?" "எல்ஃப்." அவ்வளவுதான். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்புதான் எல்லா இனத்துக்கும் எல்லாத் தொழிலையும் திறந்துவிட்டு, லெவல் வரம்பையும் எடுத்தது. (1978 புத்தகத்தில் பெண் பாத்திரங்களின் வலிமைக்குத் தனி உச்சவரம்பு இருந்தது, தெரியுமா? 1989-ல் அதை எடுத்தார்கள். அதனால் பெண்களின் அடையாளம் போய்விட்டதாக யாரும் கட்டுரை எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை.)

சரி, என் மேசைக்கு வருகிறேன்.

2017. புதிதாக ஒரு பெண் ஆட வந்தாள். அவள் எழுதிக்கொண்டு வந்தது ஓர்க் என்ற முரட்டு இனத்து மந்திரவாதி. அவளுடைய கூட்டம் கொள்ளையடித்து வந்த பெட்டிகளில் பொன்னை மற்றவர்கள் எடுத்துக்கொள்ள, அடியில் கிடந்த புத்தகங்களை இவள் எடுத்துக்கொண்டாளாம். படம் பார்த்து, எழுத்து பார்த்து, தானே படிக்கக் கற்றுக்கொண்ட ஓர்க். எனக்கு உடனே பிடித்துப்போனது.

அப்போது கையில் இருந்த விதிப்படி ஓர்க்குக்கு அறிவு என்ற திறன் எண்ணில் இரண்டு குறைக்க வேண்டும். அவள் வைத்திருந்த பெரிய எண்ணான 15-ஐ அறிவில் போட்டாள், அது 13 ஆனது. தாக்கும்போது பகடையோடு கூட்டிக்கொள்ளக் கிடைத்தது மொத்தம் மூன்று. அதே 15-ஐ வைத்து நோம் (குட்டி உருவ, புத்திசாலி இனம்) ஒருவனை உருவாக்கியிருந்தால் இனத்துக்காக இரண்டு கூடி 17 ஆகியிருக்கும், கூட்ட ஐந்து கிடைத்திருக்கும். வித்தியாசம் இருபது முகப் பகடையில் இரண்டு முகம். கணக்காகப் பார்த்தால் பத்து தடவையில் ஒரு தடவை. பெரிய விஷயமில்லை என்று நான்தான் அவளிடம் சொன்னேன்.

மூன்றாவது அமர்வில் அந்த ஒரு தடவை வந்தது. எதிரே கோப்ளின் என்ற குட்டி அரக்கன், கவச எண் 15; அந்த எண்ணை எட்டினால்தான் அடி படும். ஃபயர் போல்ட் என்ற நெருப்பு மந்திரத்தை வீசுகிறேன் என்று உருட்டினாள். 11 விழுந்தது. மூன்றைக் கூட்டினால் 14. படவில்லை. பக்கத்தில் இருந்தவர் தன் பகடைகளை அடுக்கியபடியே, "நோம் எடுத்திருந்தா பட்டிருக்கும்" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கணக்கைச் சொன்னார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வரும்போது கேரக்டர் ஷீட்டில், அதாவது பாத்திர விவரத் தாளில், ஓர்க் என்று இருந்த இடம் அழி ரப்பரால் தேய்ந்து தாள் மெலிந்திருந்தது. அதன் மேல் நோம் என்று எழுதியிருந்தாள். பெயர், பெட்டி, புத்தகம் எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் புத்தகம் படிக்கும் நோமில் என்ன கதை இருக்கிறது? நோம்கள் படிக்கத்தான் செய்வார்கள். நாலு அமர்வுக்குள் அந்தப் பெட்டியை எல்லோரும் மறந்துவிட்டோம், அவள் உட்பட.

இனத்துக்கு அடையாளம் தருகிறது என்று கட்டுரையாளர் சொல்லும் அந்த எண்தான் என் மேசையில் ஓர்க்கின் அடையாளத்தைத் தின்றது. மந்திரவாதி என்றால் நோம், கோடாரி என்றால் ஓர்க் என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டால் ஆட்டக்காரர் தேர்ந்தெடுப்பது ஒன்றைத்தான். மற்றது கூடவே வந்துவிடுகிறது. அந்தக் கழித்தலை 2020-ல் நீக்கினார்கள். 2024-ல் வந்த புதிய விதிப்புத்தகத்தில் இந்தக் கூட்டலே இனத்தைவிட்டுப் பாத்திரத்தின் பின்னணிக்குப் போய்விட்டது. நல்லதே நடந்தது என்பேன்.

ஆனால் கழற்றிய இடத்தில் என்ன வைத்தார்கள்? கட்டுரையாளர் குறையாக உணர்ந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். டார்க்விஷனைப் பாருங்கள், இருட்டில் கண் தெரியும் திறன். 2014 விதிப்புத்தகத்தில் ஒன்பது இனங்களில் ஆறுக்கு அது உண்டு. 2024-ல் பத்தில் ஏழுக்கு. டுவார்ஃபின் கண் என்று ஒன்று இருந்ததே, பாறைக்குள் பிறந்து வளர்ந்தவனின் கண், அது இப்போது அநேகமாக எல்லோருக்கும் இலவசம். என் மேசையில் ஒரு குழு ஆறு மாதம் சுரங்கத்திலேயே திரிந்தது, ஒரு தீப்பந்தம்கூட வாங்கவில்லை. அப்புறம் ஒருவர் மனிதப் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தார். அவர் பந்தம் ஏற்றினால் எல்லோர் இருப்பிடமும் எதிரிக்குத் தெரிந்துவிடும்; ஏற்றாவிட்டால் யாராவது கைபிடித்து நடத்த வேண்டும். அந்தக் குழுவிலேயே விசித்திரமான பிறவி அந்த மனிதன்தான். இனம் என்பது மேசையில் என்ன செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொரு உதாரணம் வார்ஃபோர்ஜ்ட். 2004-ல் எபரான் என்ற கற்பனை உலகத்தோடு வந்த, போருக்காகச் செய்யப்பட்ட உயிருள்ள இயந்திர மனிதர்கள். சாப்பாடு, தண்ணீர், மூச்சு எதுவும் வேண்டாம். ஷீட்டில் இது ஒரே ஒரு வரி. வெள்ளம் போகும் ஆற்றின் கரையில் குழு நின்றது. படகு இல்லை. நீந்தினால் அடித்துக்கொண்டு போய்விடும் என்று நான் சொல்லிவிட்டேன். வார்ஃபோர்ஜ்ட் ஆடியவர் கொஞ்ச நேரம் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கயிற்றை என் இடுப்பில் கட்டுங்க. நான் அடியிலேயே நடந்து போறேன்" என்றார். நான் எழுதி வைத்திருந்த மூன்று தீர்வில் இது கிடையாது. அவருக்கு எந்த எண்ணும் கூடவில்லை. வேறு யாருக்கும் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியது, அவர் அந்த உடம்புக்குள் இருந்ததால்.

ஒரு காரியத்தை எவ்வளவு நன்றாகச் செய்வாய் என்று சொல்லும் இனம் எனக்கு வேண்டாம். என்ன காரியம் செய்வாய் என்பதை மாற்றும் இனம் வேண்டும். இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு, 2019-ல் வந்தது, இந்த வழியில் கொஞ்ச தூரம் போனது. அதில் இனம் பிறந்த அன்றோடு முடிவதில்லை. லெவல் ஏற ஏற இனத்துக்கே உரிய திறமைகளை ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்துக்கொண்டே போகலாம். ஒரே இனத்தின் இரண்டு பேர் பத்தாம் லெவலில் ஒருவரை ஒருவர் போல இருக்க மாட்டார்கள். தேர்வுகள் அளவுக்கு மீறிப் போவது அதன் குறை, புதியவர்கள் திணறுகிறார்கள்.

டிஎம் இனப் பட்டியலைச் சுருக்கலாமா என்று கட்டுரையில் ஒரு பெட்டிச் செய்தி கேட்டிருந்தது. சுருக்கலாம், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட்டால். பறவை மனிதனான ஆரகோக்ராவை ஒரு காலத்தில் நான் தடுத்தேன். முதல் லெவலிலேயே பறப்பவனுக்குப் படுகுழி எதற்கு, மதில் எதற்கு? எனக்குச் சோம்பல், அதுதான் உண்மை. இப்போது சரி என்றுவிட்டு, இறக்கை விரியாத சந்து ஒன்றைக் கதையில் வைக்கிறேன். அதற்கு அவனுடைய பதில் என்ன என்று பார்ப்பதில்தான் சுவாரசியம்.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள். 'ரேஸ்' என்ற சொல்லை விட்டு 'ஸ்பீசிஸ்' என்ற சொல்லுக்கு மாறப்போவதாக ஆட்டத்தின் வெளியீட்டாளர்கள் 2022 டிசம்பரில் அறிவித்ததைக் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. ஆனால் இரண்டையுமே 'இனம்' என்று மொழிபெயர்த்திருப்பதால், "இனம் என்ற சொல்லைக் கைவிட்டு இனம் என்று மாற்றினார்கள்" என்று அச்சாகியிருக்கிறது. படித்துச் சிரித்தேன். என்னிடமும் நல்ல சொல் இல்லை. எங்கள் மேசையில் இரண்டையும் அப்படியே சொல்கிறோம். அப்புறம், நோம் ஒருபோதும் முதன்மைப் புத்தகத்தை விட்டுப் போனதில்லை என்பது பிழை. 2008-ன் நான்காம் பதிப்பில் நோமை எடுத்து அரக்கர் புத்தகத்தில் வைத்தார்கள், அடுத்த வருடம் இரண்டாம் ஆட்டக்காரர் புத்தகத்தில் திரும்ப வந்தது. கட்டுரையோடு வந்த 'எந்தத் தொழிலுக்கு எந்த இனம் சிறந்தது' என்ற அட்டவணையும் 2014 விதிகளைப் பார்த்துப் போட்டது. 2024 புத்தகத்தை வாங்கியவர்களுக்கு அதில் பாதிக் கட்டம் பொருந்தாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி