டொலர் ஏறினால் ரொட்டி சுருங்குகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

டொலர் விலை பற்றிய விவாதங்களில் ஏற்றுமதியாளரும் இறக்குமதியாளரும் பேசப்படுகிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர் பேசப்படுவதில்லை.

2022 மார்ச் 7ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி, ரூபாயின் மதிப்பு மீது வைத்திருந்த பிடியைத் தளர்த்தியது. அதுவரை 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 2021இல் பெரும் இழுபறிக்குப் பிறகு தோட்டத் தொழிலாளருக்குக் கிடைத்த 1000 ரூபாய் நாட்சம்பளம் அப்போது ஏறத்தாழ ஐந்து டொலர். ஓராண்டில் அதே ஆயிரம் மூன்று டொலருக்கும் கீழே போனது. சம்பளச் சீட்டில் ஒரு சதமும் குறையவில்லை, பாருங்கள்!

எங்கள் லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், காலை ரொட்டி, இரவும் பெரும்பாலும் ரொட்டி. கோதுமையோ முழுக்க இறக்குமதி. அதனால் டொலரின் அடி முதலில் மா வாளியில்தான் விழுந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முதலில் பருப்பு நின்றது, அப்புறம் பிள்ளைகளின் பால்மா. ரொட்டியை மட்டும் நிறுத்த முடியாது, அளவைத்தான் சுருக்கினோம். மழை நாளில் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், விழுந்தால் அதுவும் இல்லை.

நாணயம் சரிந்தது சரியா பிழையா என்று நான் வாதிடவில்லை. தேயிலை ஏற்றுமதியாகி டொலரில் விற்கிறது, பறித்தவருக்கு ரூபாயில் சம்பளம். உரச் செலவும் ஏறியது என்கிறார்கள் நிர்வாகங்கள், சரி, உண்மைதான். ஆனால் சம்பளம் 1350 ஆக 2024 செப்டெம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுத்த முறை நாணயக் கொள்கை மாறும்போது, சம்பள நிர்ணய சபை அதே மாதத்தில் கூடட்டும்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள்,
ஹட்டன்